ஓடும் சர்வரில் மட்டும் இருந்தது

சிர்க்கு அஹோவாரா விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய மார்ச் மாதக் காலையில், அவருடைய மேசைமேல் ஒரு புது மடிக்கணினி இருந்தது. பழையதை இலையுதிர் காலத்திலேயே ஆள்விட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். வழக்கப்படி அதைத் துடைத்துச் சுத்தமாக்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கணவர் ஹன்னெஸை அப்போதுதான் அடக்கம் செய்திருந்த பெண்ணிடம் மடிக்கணினியைப் பற்றி யார் கேட்பார்கள்?

தம்பேரெ நகரத்தில் பழைய பருத்தி ஆலையின் மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். ஆட்கள் சிலர்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்து வந்து, திரும்ப வீட்டில் விடும் கூட்டு டாக்சிகள் உண்டு. யார் எந்த வண்டியில், எந்த வரிசையில் என்று முடிவு செய்யும் புரோகிராமை எழுதிப் பராமரிப்பது அவர்கள் வேலை. என் அப்பா ஒஸ்ஸி அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிறார். பள்ளி முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் இருக்கும் நான் சில நாட்கள் அவரோடு முன் இருக்கையில் போவதுண்டு. ஹன்னெஸ் அந்த வண்டியில் வந்தவர்; சிர்க்குவை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

சிர்க்கு பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ருவோவெசியில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டியவரின் மகள். கணிதம் படித்தார், இரண்டு வருடம் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார், நாள் முழுக்கப் பேச வேண்டியிருந்ததால் விட்டுவிட்டார். புரோகிராம் எழுதும் வேலையில் அந்தத் தொல்லை இல்லை. பஸ் மெக்கானிக்கான ஹன்னெஸைக் கட்டிக்கொண்டார்; இருவரும் ருவோவெசியிலேயே ஏரிக்கரையில் வீடு கட்டினார்கள். பேச்செல்லாம் ஹன்னெஸுடையது. சிறுநீரகம் போன பிறகும் அவர் பேச்சு குறையவில்லை. வாரத்தில் மூன்று நாள் எங்கள் அப்பாவின் வண்டியில்தான் போய் வந்தார். "மனைவி எழுதின புரோகிராம் என்னை எப்போ எறக்கி விடுதோ அப்போதான் எறங்கணும். கல்யாணம் ஆனதிலேர்ந்து இதே கதைதான்" என்று மற்ற நோயாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

சிர்க்கு எழுதுவது அடைப்புக்குறிகளால் ஆன ஒரு மொழியில். அந்த மொழிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் புரோகிராமை எழுதி முடித்து, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு, தாங்கள் எழுதும் கருவியான எடிட்டரை இணைத்துக்கொள்கிறார்கள். ஒரு அடைப்புக்குறியின் முடிவில் கர்சரை வைத்து இரண்டு விசைகளை அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் புரோகிராம் ஓடும் கணினியான சர்வருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; பதில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே தெரியும். எதையும் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தாமல் வைத்திருப்பதுதான் அவர்கள் பெருமை. சிர்க்குவின் சர்வர் கோடையிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆனால் அந்த சர்வருக்கு வயதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் அதை நிறுத்திவிட்டுப் புது சர்வருக்கு மாறுவதாக ஏற்பாடு. நாள் குறித்தது சர்வருக்கு இடம் வாடகைக்கு விட்டவர்கள்; தள்ளிப்போட முடியாது. மாற்றும் பொறுப்பு ஜல்மரியிடம் இருந்தது. முப்பது வயதுக்காரன், இங்கே எல்லாரையும் போல வயது பார்க்காமல் பேர் சொல்லி 'நீ' என்று பேசுகிறவன். போன வாரத்துப் பயணங்களைப் பழைய சர்வரிலும் புதியதிலும் கொடுத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே பதில் சொல்ல வேண்டும். காலைப் பயணங்கள் பொருந்தின. திரும்பும் பயணங்களில் சில பொருந்தவில்லை.

அவன் தான்தான் எதையோ தப்பாக நகலெடுத்துவிட்டதாக நினைத்துத் தேடிக்கொண்டிருந்தான். சிர்க்கு வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தேடாத. ஃபைல்ல இருக்காது" என்றார். "சர்வர்ல மட்டும்தான் இருக்கு."

"யார் பண்ணது?"

"நான்தான். சேமிக்கல."

போன இலையுதிர் காலத்தில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தது அது. உள்ளே ஹன்னெஸ் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்தார். கதவு திறந்திருந்தது, வழக்கம்போல் பேசிக்கொண்டே இருந்தார். வண்டியைப் பற்றி ஏதோ குறை சொன்னார். சிர்க்கு மடியில் கணினியை வைத்துக்கொண்டு, கேட்டபடியே சர்வரோடு இணைந்து, ஒரு சார்பைத் திருத்தினார். பள்ளிக் கணிதத்தில் படிக்கும் அதே சார்புதான்: ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தரும். வண்டி எந்த வரிசையில் ஆட்களை இறக்க வேண்டும் என்று சொல்லும் சார்பு அது. இரண்டு விசைகள். சரியான பதில் வரிக்குப் பக்கத்தில் வந்தது. அந்த நேரத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். சிர்க்கு ஃபைலைச் சேமிக்காமலே கணினியை மூடினார். ஹன்னெஸின் இதயம் அதன் பிறகு சில மணி நேரமே தாங்கியது.

"சரி, என்னன்னு எழுதின?" என்று ஜல்மரி கேட்டான்.

"தெரியல."

"ஹன்னெஸ் என்ன சொன்னாருன்னாவது?"

"அதுவும் தெரியல. அவன் பேசினான், நான் அடைப்புக்குறி எண்ணிக்கிட்டு இருந்தேன். அவன் கடைசியா என்கிட்ட சொன்னது அதுதான், ஜல்மரி. எனக்கு ஞாபகம் இல்ல."

ஜல்மரி எழுந்து போய் இரண்டு கோப்பை காபி கொண்டு வந்து வைத்தான். பிறகு மெதுவாக, ஃபைலில் இருக்கும் பழைய விதியும் ஒன்றும் மோசமில்லை, மருத்துவமனை ஒப்பந்தப்படி அது போதும், அதோடு மாறிவிடலாமே என்றான். சிர்க்கு தலையை ஆட்டி மறுத்தார். அவன் சர்வருக்குள் தோண்டிப் பார்த்தான். அங்கே இருந்தது இயந்திரம் படிக்கும் வடிவம் மட்டும்; சிர்க்கு எழுதிய வரிகள் அங்கே இல்லை.

வரிகள் இல்லாவிட்டாலும் சார்பு உயிரோடு இருந்தது. கேட்டால் பதில் சொல்லும். ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டே, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் வரை.

கேட்பதற்கு எடிட்டர் வேண்டும். புது மடிக்கணினியில் எதுவும் இல்லை. சிர்க்கு வருடக்கணக்காகப் பயன்படுத்திய ஈமாக்ஸ் என்ற எடிட்டரை இறக்கி நிறுவினார். திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். அவருடைய விரல்கள் பழைய விசைகளைத் தேடி அழுத்தின, ஒன்றுக்கும் பதில் இல்லை. அவரே வருடா வருடம் வரி வரியாகச் சேர்த்த அமைப்புகள் எல்லாம் பழைய கணினியோடு போய்விட்டன. "அந்தக் கிழட்டு எடிட்டரையா மறுபடி கட்டப் போற? என்னோடது எல்லாம் தயாரா இருக்கு, எடுத்துக்கோ" என்றான் ஜல்மரி. "உன்னோடதுல என் விரல் நொண்டும்" என்றார் சிர்க்கு.

முதலில் அடைப்புக்குறிகளைச் சோடி பார்த்துக் காட்டும் துணைக்கருவியைச் சேர்த்தார். அடுத்தது சர்வரோடு பேசவைக்கும் இணைப்பு. அங்கேதான் சிக்கல். எடிட்டரோடு வந்த இணைப்பு புதியது, சர்வர் பழையது. தன்னோடு பேச வேண்டுமானால் சர்வரிலும் ஒரு துணைக்கருவியைப் புதுப்பிக்கச் சொன்னது எடிட்டர். புதுப்பித்தால் சர்வரை ஒருமுறை நிறுத்திக் கிளப்ப வேண்டும். நிறுத்தினால் தேடுவது போய்விடும். சிர்க்கு புது இணைப்பை நீக்கிவிட்டு, சர்வர் பிறந்த காலத்து இணைப்பைத் தேடினார். அது இன்றைய எடிட்டரில் பாதிதான் வேலை செய்தது. வண்ணங்கள் வரவில்லை, பரிந்துரைகள் வரவில்லை. தேவையில்லாததை எல்லாம் ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியில், கேள்வி அனுப்பும் விசையும் பதில் தெரியும் இடமும் மட்டும் மிஞ்சின. ஒன்றையும் ஒன்றையும் கூட்டச் சொல்லி அனுப்பினார். பக்கத்தில் இரண்டு என்று வந்தது.

ஜல்மரி உற்சாகமாகி, பழைய ஃபைலைத் திறந்து, விசைப்பலகைமேல் கையைக் கொண்டுபோனான். சிர்க்கு அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன அழுத்தப் போன?"

அவன் தன் கையைப் பார்த்தான். இணைந்தவுடன் முழு ஃபைலையும் சர்வருக்குள் ஏற்றுவது அவர்கள் எல்லோருக்கும் பழக்கம், யோசிக்காமல் விரல் செய்யும் வேலை. ஏற்றியிருந்தால் ஃபைலில் இருந்த பழைய சார்பு போய், சர்வரில் இருந்த புதியதை அழித்திருக்கும். சிர்க்கு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்த விசைக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார்.

அதன் பிறகு கேள்விகள். ஒரு நோயாளி, ஒரு வண்டி: பழைய விதியும் சர்வரும் ஒரே பதில். இரண்டு பேர்: ஒரே பதில். பழைய விதி எளிமையானது, பக்கத்தில் இருப்பவரை முதலில் இறக்கு, தூரத்தில் இருப்பவரைக் கடைசியில். மூன்று பேர் வைத்து, போன வாரம் பொருந்தாமல் போன ஒரு பயணத்தைக் கொடுத்தார். சர்வர் தூரத்துப் பெண்ணை நடுவில் இறக்கிவிட்டு, வழியில் வீடு இருந்த கிழவரை அவர் வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய், பிறகு திரும்ப அழைத்து வரச் சொன்னது. டீசலும் நேரமும் வீண். ஜல்மரி இது வெறும் பிழையாகத்தான் இருக்கும் என்றான்.

பெண்ணின் வயதை மாற்றிக் கேட்டார் சிர்க்கு. அதே பதில். வீட்டை மாற்றினார், மருந்தை மாற்றினார், தனியாக வாழ்பவரா என்பதை மாற்றினார். அதே பதில். வியாழக்கிழமை கீழே உணவகத்தில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் ஆறிக்கொண்டிருக்க, இருவரும் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். நோயாளியைப் பற்றிய விவரங்களில் யாரும் கவனிக்காத ஒன்று மிச்சம் இருந்தது: சிகிச்சை தொடங்கிய தேதி. அது மருத்துவமனைக்காக வைத்திருந்தது, வண்டிக்கு அதனால் பயனில்லை. சிர்க்கு அதை ஒரு வருடம் முந்தைய தேதியாக மாற்றி அனுப்பினார்.

பதில் மாறியது. பெண் கடைசி ஆளானாள்.

சிர்க்குவின் கை விசைகள்மேல் அப்படியே நின்றது. தேதியை முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டார். ஆறு வாரம். சிகிச்சை தொடங்கி ஆறு வாரத்துக்குள் இருப்பவர் எவரையும் அந்தச் சார்பு திரும்பும் வண்டியில் கடைசி ஆளாக விடவில்லை.

"புது ஆளு" என்றார் மெதுவாக. "புது ஆளைத் தனியா விடாதன்னு சொன்னான்."

அப்போதுதான் அந்தக் குரல் அவருக்குத் திரும்பி வந்தது. முழுவதும் இல்லை, துண்டு துண்டாக. முதல் வாரங்களில், எல்லோரும் இறங்கிப்போன பிறகு காட்டுச் சாலையில் வண்டி போகும்போது, உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாத மாதிரி இருக்கும் என்றும், செத்துவிடுவோமோ என்று தோன்றும் என்றும் ஹன்னெஸ் சொல்லியிருந்தார். "ஒஸ்ஸி நல்லவன்தான், ஆனா அவன் ரோட்டைப் பாக்கணுமே. பக்கத்துல ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தா போதும், சிர்க்கு. எனக்கு ஆறு வாரம் ஆச்சு, பயம் போக." வீட்டில் அவர் ஒருநாளும் பயம் என்று சொன்னதில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போதே ஏதாவது கிண்டல் செய்துகொண்டுதான் இறங்குவார்.

சிர்க்கு அழவில்லை என்று ஜல்மரி பிறகு என்னிடம் சொன்னான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, எழுத ஆரம்பித்தாராம்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுதி முடித்தார். குளிர்காலம் முழுக்க ஓடிய எல்லாப் பயணங்களையும் ஓடும் சார்பிடமும் புதிதாக எழுதியதிடமும் கொடுத்தார்கள். ஒரே ஒரு பயணம் ஒத்துவரவில்லை; கூட வருபவரின் சுற்று அரை மணியைத் தாண்டினால் சர்வர் புது ஆளுக்காகக்கூட அவரைச் சுற்றவிடவில்லை. "மரம் வெட்டுற இயந்திரத்துல உக்காந்தே கெட்டுப்போன என் அப்பாவோட முதுகை நெனச்சிருப்பேன்" என்று சொல்லி, சிர்க்கு அதையும் சேர்த்தார். மறுபடி கொடுத்தபோது எல்லாம் பொருந்தின. சிர்க்கு ஃபைலைச் சேமித்தார். சேமித்ததா என்று மூடித் திறந்து பார்த்தார்.

பழைய சர்வரை நிறுத்தும் கட்டளையை எழுதி மட்டும் வைத்துவிட்டு ஜல்மரி நாற்காலியை நகர்த்தினான். "நீயே அழுத்து." அவர் அழுத்தினார். எடிட்டரின் கீழ்ப் பக்கத்தில், இணைப்பு அறுந்தது என்று ஒரு சின்ன வரி வந்தது.

அன்று வீட்டுக்குப் போகுமுன் தன் எடிட்டர் அமைப்பில் அவர் ஒரு விஷயம் சேர்த்தார். ஃபைல் சேமிக்கப்படாமல் இருந்தால் இனி அந்த இரண்டு விசைகள் சர்வருக்கு எதையும் அனுப்பாது. ஜல்மரி அதைத் தன்னுடையதிலும் போட்டுத் தரச் சொன்னான். கிழட்டு எடிட்டர்காரியிடம் கேட்கிறாயே என்றார். கேட்காமல் என்ன செய்வது என்றான்.

திங்கட்கிழமை நான் அப்பாவோடு போயிருந்தேன். பின் இருக்கையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்ணுக்கு அது இரண்டாவது வாரம். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். ஒருவர் நகர எல்லையிலேயே இறங்கிக்கொண்டார். காட்டுச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் மிச்சமிருந்த கிழவர் முனகினார்.

"ஒஸ்ஸி, என் வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்" என்றார் அப்பா.

கிழவர் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டார்.