கூரை வழி வந்தவன்

நூமேரியஸ் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது அவனுக்குத்தான் தெரியாது. கடல் தாண்டி ஹிஸ்பானியாவில் ஏழு வருஷம் பட்டாளத்தில் கிடந்து, காய்ச்சலில் விழுந்து, எழுந்து, ஒருவழியாக ரோமுக்கு வந்து சேர்ந்தான். மனைவி டுரானியா ஊரில் இல்லை, நகரத்தில் கம்பளி நூற்றுப் பிழைக்கிறாள் என்று கேள்விப்பட்டான். சந்து சந்தாக விசாரித்து, மூன்றாவது மாடி ஏறிக் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தவள் அலறவில்லை. துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"அங்கயே நில்லு. வாசப்படியத் தாண்டாத."

"ஏ புள்ள, நான்தான்."

"நீதான்னு தெரியுது, எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? உனக்குக் காரியம் பண்ணியாச்சுய்யா. பன்னி அறுத்து, வெறுங்குழிய மூடி, மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாச்சு. செத்தவன் வாசல் வழியா வந்தா குடும்பம் வெளங்குமா?"

அவள் சொன்னது நியாயம்தான். செத்ததாகச் சேதி வந்தவன் உயிரோடு திரும்பினால் கூரை ஏறி, ஓட்டைப் பிரித்து, மேலிருந்துதான் வீட்டுக்குள் இறங்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் தண்ணீர் கொடுத்துப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுவரை அவன் பிணம்தான். பிணத்தோடு எவள் குடும்பம் நடத்துவாள்?

"சரி, இங்கயே ஏறி இறங்கிடறேன்."

"எங்க ஏறுவ? தலைக்கு மேல ரெண்டு மாடி, ரெண்டு குடும்பம். அவங்க படுக்கையில போய் விழுவியா?"

"அப்போ நம்ம வீட்டுக்குப் போறேன்."

"நம்ம வீடு!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததை வாசலில் நிற்க வைத்தே சொன்னாள். சாவுச் சேதி வந்த மாதமே பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடுகள் விளைந்த பயிரில் இறங்கின. அடுத்த வருஷம் எல்லைக்கல் நடந்து வந்து கிணற்றடியில் நின்றது. அதற்கடுத்த வருஷம் இவள் மூட்டை கட்டினாள். கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்கவேண்டிய ஆண்களெல்லாம் ஹிஸ்பானியாவில் ஊர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அவர்கள் பிடித்துக் கொடுத்தவர்களைப் பண்ணைக்காரர் இங்கே அடிமைச் சந்தையில் மொத்தமாக வாங்கி, இவர்கள் நிலத்திலேயே ஏர் பூட்டினார். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

நூமேரியஸ் உட்காரக்கூட இல்லை. வந்த காலோடு திரும்பினான். ஊர் இருந்த ரெயாத்தே மலைக்கு இரண்டு நாள் நடை. ரொட்டியை நடந்துகொண்டே தின்றான். அவள் தன்னைக் கணவனாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நிலம், வழக்கு எல்லாம் அப்புறம்.

அவன் வீடு இப்போது பண்ணைக்குள் அடிமைகள் தங்கும் கொட்டடி. பண்ணை மேஸ்திரி ஃபிலோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். அவனும் அடிமைதான், ஆனால் சாவிக்கொத்து வைத்திருந்த அடிமை.

"யோவ் பட்டாளத்தாரே, வெயில்ல மூள உருகிருச்சா? கூரையப் பிரிக்கணுமா?"

"நாலு ஓடு. நானே திரும்ப மாட்டிடறேன்."

"எனக்கென்ன தருவ?"

வெண்கலக் குமிழ் வைத்த இடுப்புவாரை நூமேரியஸ் அவிழ்த்துக் கொடுத்தான். ஃபிலோ அதைத் தன் இடுப்பில் கட்டிப் பார்த்துவிட்டு ஏணியைக் காட்டினான்.

ஓடுகள் கலியாணத்து வருஷம் அவன் கையால் வேய்ந்தவை. எது ஆடும், எது ஆடாது என்று விரலுக்குத் தெரிந்தது. நாலைப் பிரித்துக் காலைத் தொங்கவிட்டுக் குதித்தான். உள்ளே காலில் விலங்கோடு நாலு பேர் மதியக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நரைத்த தாடிக்காரன் ஒருவன் மட்டும் அசையவில்லை.

"எறங்கு, எறங்கு. உங்களுக்குப் பழக்கம்தான," என்றான் அவன், கொச்சை லத்தீனில்.

"நீ எந்த ஊரு?"

"ஆத்து வளைவுல, ரெண்டு சுவர் வச்ச ஊரு. நாங்க கதவத் தாழ் போட்டிருந்தோம். நீங்க கூரையப் பிரிச்சுத்தான் வந்தீங்க."

அந்த ஊர் நூமேரியஸுக்குத் தெரியும். அன்று அவன் இறங்கிய வீட்டில் அடுப்பில் கூழ் கொதித்தது. எல்லாம் முடிந்த பிறகு அதை எடுத்துக் குடித்தான். உப்பில்லை என்று திட்டியதுகூட ஞாபகம் இருந்தது.

"தண்ணி வேணும்," என்றான். "என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடணும். வீட்ல இருக்கிறவங்கதான் கூப்பிடணும். நூமேரியஸ்னு."

தாடிக்காரன் குவளையை எடுத்தான், ஆனால் நீட்டவில்லை.

"நீங்க எறங்கினப்ப எங்க பேர யாராவது கேட்டீங்களா?"

"கேக்கல."

"இப்பக் கேளு."

கேட்டான். அம்பாதோ என்று சொன்னான் தாடிக்காரன். மற்ற மூன்று பேரும் சுவரை விட்டு விலகாமலே தங்கள் பேரைச் சொன்னார்கள். நூமேரியஸ் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. தப்பாகச் சொன்னால் அம்பாதோ விடவில்லை. அப்புறம்தான் குவளை நீண்டது.

"நூமேரியஸ், வா."

வெளியிலிருந்து ஃபிலோ கத்தினான்: "உயிர் வந்துருச்சா? வந்துட்டா வெளிய நட! ஓட்ட மாட்டிட்டுப் போ!"

தன் வீட்டு வாசல் வழியாகவே நூமேரியஸ் வெளியே வந்தான்.

நாலாம் நாள் டுரானியா கதவைத் திறந்தாள். இந்தத் தடவை துடைப்பம் இல்லை.

"எறங்கினியா?"

"எறங்கினேன்."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டது யாரு?"

"வீட்டுக்காரங்கதான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மேலே ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டாள். கையைப் பிடித்தாள், ஏழு வருஷத்துக்குப் பிறகு பிடித்த கை. அவனுக்கு அழுகை வந்தது. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தான். கூழ் ஊற்றினாள்.

மேல் மாடியில் யாரோ நடந்தார்கள். நூமேரியஸ் சட்டென்று அண்ணாந்து பார்த்தான். எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தான். கூழில் கை வைக்கவில்லை. மறுபடியும் அண்ணாந்து பார்த்தான்.