விருந்துக் காட்சி

புக்கிட் பெலிம்பிங் சாலையோர ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கப் போகையில் அவரைப் பார்ப்பேன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். கழுத்து நரம்பு புடைத்த குட்டை ஆள். நீளக் கம்பில் பூட்டிய அரிவாளுக்குச் சாக்கு சுற்றி, வெளியே சாத்திவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அன்று மாலை, கடைச் சுவரில் இருந்த தொலைக்காட்சியில், நாவலிலிருந்து எடுத்த பழைய சரித்திரத் தொடரை மறுஒளிபரப்பு செய்தார்கள். விருந்துக்கு வந்த தூதன் சோற்றில் கை வைக்கிறான். பின்னால் கத்தியோடு இளவரசன்.

“இப்பக் குத்துவான் பாரு,” என்றார் பக்கத்து மேசைக்காரர் ரசித்து.

குலை வெட்டுபவர் எழுந்து வெளியே போய் அரிவாளின் சாக்கை உருவினார். வாசலில் நின்றபடியே எங்கள் தலைகளுக்கு மேலே கம்பை நீட்டி, குலையை இழுப்பதுபோல் அரிவாளைத் தொலைக்காட்சியில் மாட்டி இழுத்தார். இளவரசனின் கத்தி இறங்குமுன் அது சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழுந்து நொறுங்கியது. சில்லு தெறித்துக் கடைக்காரர் கன்னம் கிழிந்தது.

“கிறுக்கா ஒனக்கு? ஏற்கெனவே பாத்த கதைதானே லா,” என்று கத்தினார் கடைக்காரர், ரத்தத்தைப் பொத்தியபடி.

“பாத்தேண்ணே. அன்னிக்குச் சும்மா ஒக்காந்து பாத்துட்டேன்.”

சாக்கை மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாவல் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் விருந்து தொடங்கியதும் மூடி வைத்துவிடுகிறேன். தூதன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.