கண்ணாடிப் பெட்டிச் சுரங்கம்

பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு முனகல் கேட்கும். தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆளைப் போல மோட்டார் சிணுங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பிறகு ரப்பர் சூடாகும் வாசனை வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்ற, அதன் விளிம்பில் இருந்த குட்டி வாளிகள் மண் அள்ளுவதாகப் பாவனை செய்ய, விரல் அகலக் கறுப்பு பெல்ட் ஒன்று அந்த இல்லாத மண்ணைச் சுமந்துகொண்டு மறுகோடிக்கு ஓடும். நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த எங்களுக்குச் சுரங்கம் என்றால் இதுதான். நிஜச் சுரங்கம் பக்கத்திலேயே இருந்தது. அதன் சங்குச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை ஏறும், இறங்கும். ஆனால் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பார்க்க வேண்டுமானால் இந்தப் பெட்டி இருந்த டவுன்ஷிப் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் பெட்டிச் சுரங்கத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. சக்கர இயந்திரத்தின் கூண்டில், மஞ்சள் தொப்பி போட்ட, கட்டைவிரல் உயரப் பொம்மை. பக்கத்து குவார்ட்டர்ஸ் கோமதியின் அப்பா நிஜத்தில் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர். அதனால் பொம்மை தன் அப்பாதான் என்று அவள் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. என் அப்பா பெல்ட்டில் வேலை பார்த்தவர். பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் மண்ணை வாரிப் போடுவதும், சுற்றாமல் நின்றுவிட்ட உருளைகளைக் கழற்றி மாட்டுவதும் அவர் வேலை. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்து "கான்ட்ராக்ட்"டில் சேர்ந்து, பல வருஷம் கழித்து "பெர்மனென்ட்" ஆனவர். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் சாமி பெயரைப் போல மரியாதையோடுதான் உச்சரிப்போம்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல நீ எங்க இருக்க?" என்று கேட்டேன்.

"இந்த ஆளு பஸ்ட் ஷிப்ட்டு பாப்பா. நான் செகண்ட் ஷிப்ட்டு. ரெண்டு மணிக்கு மேலதான் வருவேன்" என்றார், யோசிக்காமல்.

அப்படியே நம்பினேன். டவுன்ஷிப் பிள்ளைக்கு அதில் நம்பாமலிருக்க என்ன இருக்கிறது? சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அப்பா செகண்ட் ஷிப்ட் போகிற நாளில் என்னைக் கூட்டிப்போக முடியாது. கூட்டிப்போக முடிகிற நாளில் அவர் ஷிப்ட்டில் இருக்க மாட்டார், ஆகவே பெட்டிக்குள்ளும் இருக்க மாட்டார். இதை நானே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்து, அம்மாவை நச்சரித்து, அப்பா செகண்ட் ஷிப்ட் போன ஒரு பிற்பகலில் அவளை இழுத்துக்கொண்டு போனேன். சக்கரம் சுற்றியது, பெல்ட் ஓடியது, கூண்டில் அதே கோமதியின் அப்பா சொகுசாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒன்றும் புரியாமல் மிரண்டுபோன அம்மா, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரிப்பைப் புடவைத் தலைப்பில் மறைத்தபடி சொன்னாள்:

"பெல்ட்டுக்கு அடியில குனிஞ்சிகினு இருப்பாருடி. மேலருந்து பாத்தா எப்டித் தெரியும்?"

உடனே தரையில் மண்டியிட்டுப் பெட்டிக்கு அடியில் பார்த்தேன். மரக்கால்களும் ஒயரும் ஒட்டடையும் தெரிந்தன. மற்றபடி ஒரே இருட்டு. இருட்டில் குனிந்திருக்கிற ஆள் தெரியமாட்டார்தானே என்று சமாதானமாகி வீட்டுக்கு வந்தேன். பிறகு காடாம்புலியூர் சித்தி பலாப்பழத்தோடு வரும்போதெல்லாம் அம்மா இந்தக் கதையை எடுத்துவிடுவாள்; அப்பா தன் பங்குக்கு, "டீ குடிக்கப் போயிருப்பேன்" என்று சேர்த்துக்கொள்வார். வீடே சிரிக்கும்.

போன மாதம், மியூசியத்தைப் புதுப்பிப்பதற்காக மூடப்போகிறார்கள், பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு வீடியோத் திரைகள் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து பஸ் ஏறினேன். அம்மா இப்போது இல்லை. அப்பா முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். முதுகு வளைந்துவிட்டது, காதும் மந்தம். எனக்கு ஒரே ஆசைதான். அந்தப் பெட்டியின் முன்னால் நின்று அவர் வாயால் அந்த செகண்ட் ஷிப்ட் பதிலை இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும்.

அவரையும் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்குப் போனால், பொத்தான் வேலை செய்யவில்லை. பெல்ட் அறுந்து ஓரமாகத் தொங்கியது. கூண்டில் பொம்மை மட்டும் தொப்பியின் மஞ்சள் உரிந்து உட்கார்ந்திருந்தது. நான் அப்பாவின் காதருகே குனிந்து, "அப்பா, இதுல நீ எங்க இருக்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு, பெல்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்தார்.

"வைக்கல பாப்பா" என்றார்.

நான் கேட்பதற்கு முன்பே, அந்தக் காலத்திலேயே, அவரும் அங்கே தன்னைத் தேடியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டி எங்கே போனது என்று காவலாளிக்கும் தெரியவில்லை. புதுசு திறந்ததும் தன்னைக் கூட்டிப்போகச் சொல்லி அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் முதலில் நான் மட்டும் போவேன். பெல்ட் பக்கம் ஓர் ஆளாவது நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்துதான் அவரைக் கூட்டிப்போவேன்.