அத்தையின் முதல் ஈடு

எங்காவது பருப்பு வடை பொரியும் வாசனை வந்தால் எனக்குப் பசிப்பதில்லை. மனம் அத்தையைத் தேடுகிறது. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோல சிலாங்கூரில் சாலையோரம் ஒரு பழைய வேனை நிறுத்தி வடை விற்றவர். வேனுக்குக் கிளிப்பச்சை வண்ணத்தை அவரே அடித்தார். பாதியில் வண்ணம் தீர்ந்துபோனதால் பின்பக்கம் மட்டும் மஞ்சள். எண்ணெய்ச் சட்டியின் முன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்பார். கேட்டால், "எண்ணெ தெறிக்கும் லா" என்பார். கோயிலுக்கும் ஏன் அதையே போட்டுக்கொண்டு வருகிறார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

வடை விற்கிறவர்கள் நல்லதை விற்றுவிட்டு, உடைந்ததையும் கருகியதையும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அத்தை தலைகீழ். சட்டியிலிருந்து எடுக்கும் முதல் ஈட்டில் ஒரு வடைகூட விற்கமாட்டார். அப்படியே பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார். வயல் பழுத்திருக்கும் நாட்களில் பாதி வியாபாரத்தில் கடையைச் சாத்திவிட்டு, என்னையும் டின்னையும் ஏற்றிக்கொண்டு, நெல்வயல் சூழ்ந்த செகிஞ்சானுக்குக் கிளம்பிவிடுவார். வாய்க்காலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருவரும் தின்போம். "ஆளுங்க நாளைக்கும் வருவாங்க. இந்த நெல்லு நாளைக்கு நிக்குமா?" என்பார். அந்த வாய்க்கால் கரையில் இன்னொரு முறை அவரோடு உட்கார மாட்டோமா என்று இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. "வியாபாரம் பண்றவ செய்யற வேலையா இது?" என்பார். எங்கள் வீட்டில் தீய்ந்த தோசை, மீன் வால், அடிப்பிடித்த சோறு எல்லாம் அம்மாவின் பங்கு. அவருக்கு அவைதான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பள்ளிச் சீருடை முழுக்கச் சேற்றோடு வந்து இறங்கினேன். இனி அந்த வேனில் ஏறினால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. அத்தைக்கு வடை தட்டிக்கொடுக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அப்பா அம்மாவை அனுப்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். இருவரும் ராசியாகிவிட்டால் எனக்கு மறுபடியும் செகிஞ்சான் உண்டு. சண்டை போட்டுக்கொண்டால் போச்சு. அன்று நான் வேண்டிக்கொள்ளாத சாமியில்லை.

வேன் முன்னால் நீண்ட வரிசை. அத்தை முதல் ஈட்டை எடுத்தார். டின்னில் போடாமல் தட்டோடு அம்மாவிடம் நீட்டினார்.

"அண்ணி, இது ஒங்களுக்கு. சூடா சாப்பிடுங்க."

"கூட்டம் நிக்குது. ஒடஞ்சது ஏதும் இருந்தா அப்புறமா குடு."

அத்தை அடுப்பை அணைத்துவிட்டார். "நீங்க சாப்பிடாம அடுத்த ஈடு போடமாட்டேன்."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "என்னாக்கா, சாமி பொறப்படப் போவுது லா!" என்று ஒருவர் கத்தினார். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவ்வளவுதான், என் செகிஞ்சான் போய்விட்டது என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா வெடுக்கென்று ஒரு வடையை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன். முதலில் கோபமாகத்தான் கடித்தார். பிறகு மெல்ல மெல்லத் தின்றார். மொறுமொறுவென்று இருந்த ஓரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார், நான் செய்வதுபோலவே. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"காரமாம்மா?"

"ஆமா... காரம்."

ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன், வடையில் மிளகாய் அதிகம், அம்மா அழுகிறார் என்று. அத்தை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். தட்டில் இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி என் கையில் வைத்து, "அம்மாகிட்ட குடு" என்றார்.

எனக்கு அத்தைமேல் அப்படியொரு கோபம். காரம் தாங்காமல் அழுகிறவருக்கு யாராவது இன்னொரு வடை கொடுப்பார்களா?