குற்றாலத்து வெந்நீர்

குற்றாலச் சீசனுக்கு வந்து வெந்நீரில் குளிக்கிறவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனி பிறந்ததும் வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசிக்குத் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். அது நான் பிறந்த வீடும்தான். சாரல் ஓய்கிற வரை இருப்பேன். முன்பெல்லாம் காலையில் ஐந்தருவி, மாலையில் மெயினருவி. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, அருவித் தண்ணீர் தலையில் விழக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தம்பி வீட்டுக் குளியலறையும் ஹீட்டரும்தான் என் அருவி. அதற்கு வராமலே இருக்கலாமே என்று கேட்பார்கள். சாரல் காற்று மேலே படாமல் எனக்கு ஒரு வருஷம் வருஷமாகக் கழியாது.

இந்த வருஷம் நான் வருவதற்குச் சற்று முன்னால்தான் தம்பி மொட்டைமாடியில் சோலார் போட்டிருந்தான், பேட்டரியோடு. இனிமேல் கரண்ட் பில்லே வராது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியும் விட்டான். சீசன் அரைகுறைதான், பாதி நாள் நல்ல வெயில். ஆடியில் பில் வந்தது. சோலார் இல்லாத காலத்தில் வந்ததைவிடக் கூடுதலாக வந்தது.

தம்பி பெண்டாட்டி எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் இல்லை. கீழப்பாவூரில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரி. "சோலார் போட்டு என்னம்மா செய்ய? மதினி வந்தா ஹீட்டரு ஓடிக்கிட்டேல்லா கெடக்கு."

அன்று சாயங்காலம் ஹீட்டர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருந்தது. தம்பியிடம் கேட்டேன். "அது லூசா இருக்குக்கா, ஷாக் அடிச்சிரும்" என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் சொல்ல வராது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. பிறந்த வீட்டில் வெந்நீருக்குக் கணக்குப் பார்க்கிறார்கள் என்றால் அப்புறம் அங்கே எனக்கு என்ன இருக்கிறது? பையைக் கட்டிவிட்டேன். ஆனால் பழியைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிற ஆள் நான் இல்லை. அப்படிப் போனால் அடுத்த ஆனிக்கு எந்த முகத்தோடு வருவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏலே, வீட்டுல ஒண்ணு விடாம எல்லாத்தையும் அணை. ஹீட்டர மட்டும் போட்டு, மீட்டரு எவ்வளவு ஓடுதுன்னு பாப்போம். அது தின்ன கரண்டுக்கு நான் ரூவாயக் குடுத்துட்டுப் போறேன்."

"எதுக்குக்கா இதெல்லாம்" என்று இழுத்தான். அவன் பெண்டாட்டி பிரிட்ஜ் வரைக்கும் அணைத்துவிட்டு, முதல் ஆளாக வாசலில் மீட்டர் முன்னால் வந்து நின்றாள்.

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் ஓட ஓட மினுங்கும். எல்லாவற்றையும் அணைத்த பிறகு அது சும்மா இருக்க வேண்டும். அதுவோ பேய் பிடித்த மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. தம்பி வீடு முழுக்க மறுபடியும் சுற்றி வந்தான். எதுவும் ஓடவில்லை. நான் போய் டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு ஹீட்டரைப் போட்டேன்.

"மதினி, வெளக்கு மெதுவாயிட்டு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அணைத்தால் விளக்கு வேகமாக மினுங்கியது. போட்டால் மெதுவாக மினுங்கியது. திரும்பத் திரும்பப் பார்த்தோம். பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டு நின்றபோது, மலைப்பக்கமிருந்து மேகம் வந்து வெயிலை மறைத்தது. விளக்கு தானாகவே அடங்கியது. மேகம் விலகியதும் பழையபடி துள்ளியது. தம்பி மாடியைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான்.

"அக்கா, இது நாம எடுக்குத கரண்ட எண்ணல. மாடியில இருந்து வெளிய அனுப்புதோம்லா, அத எண்ணுது."

பேட்டரி காலையிலேயே நிரம்பியிருந்தது. வீட்டில் செலவாகாத வெயில் கரண்ட் அத்தனையும் வெளியே கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் அதையும் நம் செலவாக எழுதியிருக்கிறது. வெயில் நேரத்தில் என் ஹீட்டர் குடித்த அளவுக்குப் பில் குறைந்துதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் குளித்திருக்கலாம்.

திங்கட்கிழமை மூன்று பேரும் கரண்ட் ஆபீசுக்குப் போனோம். நான் போக வேண்டிய அவசியமே இல்லை, போனேன். அங்கிருந்த இன்ஜினியர் அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"மீட்டர மாத்துததுக்கு முன்னாடியே ஓட்ட ஆரம்பிச்சிட்டியளா? பழைய மீட்டருக்கு வாறதும் போறதும் ஒண்ணுதான். எந்தப் பக்கம் ஓடுனாலும் செலவுன்னு எழுதிரும்."

சோலார் மாட்ட வந்தவர்கள், மீட்டர் மாற்றச் சொல்லிப் பேப்பர் போயிருக்கிறது, நீங்கள் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அம்மா மனுவை வாங்கிக்கொண்டார். சோதித்துப் பார்த்து இருவழி மீட்டர் மாட்டுவோம், தப்பாக ஏறிய யூனிட்டை அடுத்த பில்லில் கழித்துவிடுவோம், அதுவரை சோலாரை ஓட்டக் கூடாது என்றார்.

"அப்போ ஹீட்டரு?" என்று கேட்டேன்.

"ஹீட்டரு என்ன செஞ்சுது பாவம்" என்றார். தம்பி பெண்டாட்டி மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்ட குடும்பம் இல்லை எங்களுடையது. தம்பி சோலாரை நிறுத்தினான். கட்டிய பையை நானும் பிரிக்கவில்லை.

விடிந்ததும் நல்ல சாரல். தம்பி பெண்டாட்டி என் அறைக் கதவைத் தட்டினாள்.

"மதினி, ஹீட்டரு போட்டிருக்கேன். தண்ணி சூடாயிட்டு, குளிச்சிருங்க."

"சோலாரத்தான் நிறுத்தியாச்சுல்லா. பச்சத் தண்ணியே போதும்."

"தெரியும். வாங்க, ஆறிரும்."

இத்தனை நாள் சும்மா கிடைத்த வெந்நீருக்கு டேப் ஒட்டியவள், வாளிக்கு வாளி பில்லில் ஏறப்போகிற வெந்நீரைத் தெரிந்தே போட்டு வைத்திருந்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு வழக்கத்தைவிட ஒரு வாளி கூடவே ஊற்றிக்கொண்டேன்.