சிவப்புச் சட்டைக்கு நேர்ந்த அநியாயம்

என்னைக் கேளாமல் என் தீபாவளிச் சட்டையை வெட்டியது அநியாயம் என்றே இன்றும் கருதுகிறேன். பிற்காலத்தில் நீதியைப் பற்றிய நூல்கள் பல வாசித்தேன். எதுவும் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை.

பதுளைக் கடைவீதியில் அப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. சீட்டித்துணியும் மல்லும் கூரை தொட அடுக்கியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து என் அம்மா, வயிற்றுப் பிள்ளையோடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குப் பழந்துணி கேட்கப் புறப்பட்டார். எனக்குப் பின் பிறந்த இருவரும் தொட்டிலைத் தாண்டவில்லை. அத்தகைய வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. நன்றாக வளரும் பிள்ளைகள் உடுத்தியதை இரந்து வாங்கிப் போர்வை தைக்கவேண்டும் என்பது எங்களவர் வழக்கம்.

அத்தை வாசலில் மறித்தார். “மொதலாளி பொண்டாட்டி கந்தல் பொறுக்கப் போறாளாம். கடைய இழுத்து மூடிட்டு நாங்களும் வரவா?”

“வாங்க மதினி, மூட்ட தூக்க ஆளு வேணும்” என்றார் அம்மா.

அத்தை வரவில்லை. மூட்டை என் தலையில் ஏறியது. பள்ளித் தோழர்கள் பார்த்திருக்கக்கூடிய பாதை அது.

லயத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி எங்களை அடையாளம் கண்டு பதறி, மடிப்புக் கலையாத மஞ்சள் துணியை நீட்டினாள். எங்கள் கடையில் வாங்கியது.

“புதுசு வேணாம்மா. ஒம்மவன் போட்டுப் பொரண்டது குடு.”

“ஐயோ, அந்தக் கந்தலயா? எம் மானம் போயிருங்க, மொதலாளியம்மா.”

“எம்புள்ள தங்கணும், தாயி.”

அவள் மஞ்சள் துணியைக் கீழே வைத்தாள். ஆட்டுக்குட்டியோடு மல்லுக்கு நின்ற மகனை இழுத்து நீலச் சட்டையைத் தலைவழியே உருவினாள். “குளுருதும்மா! எஞ்சட்டைய எதுக்குக் குடுக்குற?” என்று அவன் கத்தினான். அந்தத் தோட்டம் முழுவதிலும் என் கட்சிக்காரன் அவன் ஒருவனே. மறுநாள் எங்கள் கடையிலிருந்து அவனுக்குப் புதுச்சட்டை போயிற்று. கட்சி கலைந்தது.

துவைத்துக் காய்ந்த துணிகள் எங்கள் கூடத்தில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பரவின. அம்மா தம் பழைய சேலையை மடித்து விரித்து, அதன் மேல் துண்டுகளை இணைத்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்டினார். அழகாக இருந்ததை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை. நடுவில் மட்டும் ஒரு சதுரம் காலியாக இருந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது அது சிவப்பாக இருந்தது.

“ஊரெல்லாம் கேட்டீங்க, என்னைய மட்டும் கேக்கலயே!” என்று கூச்சலிட்டேன்.

அப்பாவும், “கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்” என்றார்.

அம்மாவின் ஊசி நிற்கவில்லை. “மத்தவங்ககிட்டதான் கேக்கணும். இது எம்புள்ளையோடது.”

இது பதிலா? அன்று நான் சாப்பிடவில்லை.

தம்பி பிறந்தான், தங்கினான். அம்மா எப்போதும் அவனைச் சிவப்புச் சதுரத்தின் மேலேயே கிடத்துவார். என் சட்டையை நனைப்பதற்கென்றே பிறந்தவனாக அவனை நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மழைக்காலத்தில், பேரன் பேத்திகள் கண்டபின், தம்பியும் என்னைக் கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டான். போர்வை மட்டும் என்னிடம் வந்திருக்கிறது. ஊரார் பிள்ளைகளின் துணிகளைச் சுற்றிலும் வைத்த அம்மா, நடுவில் வைக்கத் தம்மிடம் தங்கிய ஒரே பிள்ளையைத்தான் நம்பினார் என்பது, பசியோடு படுத்த அந்தச் சிறுவனுக்குத் தெரியவில்லை.