துடைக்கும் வசனம்

பூனாவின் கேம்ப் பகுதியில், என் அம்மா ஆசிரியப் பயிற்சி படித்த மிஷன் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். பெண்கள் படிப்பதையே கேலி செய்த காலத்தில் திறந்தது. இப்போது மூடிவிட்டார்கள், இடிக்கப் போகிறார்களாம். பயிற்சிப் பெண்கள் தினமும் வராந்தாப் பலகையில் வேதவசனம் எழுதுவார்கள் என்று அம்மா சொல்வாள். இன்றும் அங்கே எழுதுகிறார், ஓய்வுபெற்ற ஸ்டெல்லா டீச்சர், மராத்தியில்.

"மேல இருந்து ஆர்டராம். வாட்ச்மேன் தினம் துடைச்சிடுறான்."

"அப்புறம் எதுக்கு டீச்சர் எழுதுறீங்க?"

"வாசிச்சிட்டுத்தானேம்மா துடைக்கிறான்! நேத்து தப்பா வாசிச்சான், திருத்தினேன். காலேஜை மூடிட்டாங்கன்னு யாரு சொன்னா?"

வாட்ச்மேன் ஈரத்துணியோடு வருகிறார். டீச்சரிடம் சாக்பீஸை வாங்கி, கீழே எனக்குத் தெரிந்த சங்கீத வசனத்தைத் தமிழில் பெரிதாக எழுதுகிறேன்.

வாசித்துவிட்டுத் துடைக்கட்டும். என் ரயில் சாயந்தரம்தான்.